பி.பி. பார்க்காமல் அனுப்பிய செவ்வாய்க்கிழமை

புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர்கள், "நல்லதா நாலு விஷயம் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்கள். நான் நல்லபடியாகச் செய்ததெல்லாம் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். வேண்டுமென்றால் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஏறாத ஒன்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம். அன்று ஒரு டவுன்ஷிப்பே சிரித்தது. நீங்கள் சிரிப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. நெய்வேலி டவுன்ஷிப்பில், ஒரு பிளாக்கின் ஓரமாக இருந்த சின்னத் தாய்சேய் நிலையத்தில் நான் நர்ஸ். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். முதல் ஷிஃப்ட்டுக்குப் புருஷனை அனுப்பிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் பெஞ்சில் இடம் பிடித்துவிடுவார்கள். முதலில் எடை, அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை, அப்புறம் பி.பி., கடைசியாக டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். இதுதான் வரிசை.

எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து குடியேறிய ஊர் அல்லவா, நோயைச் சொல்வதிலும் எல்லா ஜில்லாவும் இருக்கும். ஒருத்தி "கிறுகிறுன்னு வருது" என்பாள். இன்னொருத்தி "தலை சுத்துதுங்" என்பாள். பக்கத்துக் கிராமத்துப் பெண் "கண்ணை இருட்டிக்கினு வருதுங்க" என்பாள். மூன்றும் ஒன்றா, வேறு வேறா என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. புத்தகத்தில் இருக்கும் வார்த்தையைச் சொல்லிக்கொண்டு எந்தக் கர்ப்பிணியும் வர மாட்டாள். அவள் வார்த்தையை நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிறுநீருக்குப் பாட்டில் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் அப்போது இல்லை. வீட்டிலிருந்துதான் கொண்டுவருவார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஒரு பாட்டில். இருமல் மருந்து பாட்டில், ஊறுகாய் பாட்டில், தைல பாட்டில். பஸ்ஸில் வருகிறவர்கள் அதைக் கைக்குட்டையில் சுற்றி, அதன்மேல் காகிதம் சுற்றி, ஏதோ நகையைக் கொண்டுவருவதுபோல மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

அப்படி ஒரு பாட்டிலோடு வந்தவள்தான் தனலட்சுமி. தலைச்சன் பிள்ளை, நாலாவது மாதம். பிறந்த வீடு மேல்பட்டாம்பாக்கம். புருஷன் முருகேசன் மைன்ஸில் கன்வேயரில் வேலை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அவருடைய அம்மா முத்தம்மாளும் இவர்களோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். மருமகளைத் தனியாக அனுப்பாமல் எப்போதும் கூடவே வருவார்.

அன்று நான் சர்க்கரைக்கான பரிசோதனையைச் செய்தேன். நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே இருக்கும். இருந்தால் நிறம் மாறும். தனத்தின் குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, கண்ணெதிரே செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. எனக்கு வயது இருபத்தாறு, கல்யாணமான புதிது. பெரிய வியாதியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை. குழாயைத் தூக்கிப் பிடித்து, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "தனலட்சுமி, உனக்குச் சர்க்கரை!" என்று கத்தினேன்.

முத்தம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் கேழ்வரகுக் களியும் பாகற்காயும்தான். ஷிஃப்ட் முடிந்ததும் முருகேசன் சைக்கிளில் வடலூர் போய்ப் பாகற்காய் வாங்கிவருவாராம். காபிக்குச் சீனி கிடையாது. தனம் அழுதுகொண்டே களியை விழுங்கியிருக்கிறாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பாட்டில்ல கொண்டு வந்தே?" என்பதுதான்.

"தேன் பாட்டிலுங்க" என்றாள் தனம். "எங்கப்பா தேன் வாங்கி அனுப்பினாரு. தீந்துபோச்சு. தண்ணி ஊத்தி ஒரு தடவை அலம்பிக்கினுதான் எடுத்தாந்தேன்."

சுத்தமான பாத்திரத்தில் எடுத்துக் கொதிக்க வைத்தால் நீலம் நீலமாகவே இருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. மற்ற எல்லாரும் சிரித்தார்கள். முத்தம்மாள் மட்டும் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, எட்டு நாளா எம்மருமகளுக்குக் களியக் கிண்டிப் போட்டிருக்கேன். பாட்டிலுக்குச் சீனி வியாதின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா அந்தப் பாட்டிலுக்கே பாகற்காயை ஊட்டியிருப்பேன்ல?"

அன்றிலிருந்து எனக்குத் தேன் சிஸ்டர் என்று பெயர். கடைத்தெருவில் நடந்தால்கூட யாராவது கூப்பிடுவார்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று நடந்துவிட்டது. அதை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். ஒரு தடவை பொய்யான அபாயத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன் என்ற வெட்கம், அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் 'பாட்டிலாக இருக்கும்' என்று நினைக்க வைத்தது. பதறிப்போகிற நர்ஸாக இருந்தவள், எதையும் தள்ளிவிடுகிற நர்ஸாக ஆகிவிட்டேன். இரண்டாவது வகைதான் ஆபத்து. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அவள்தான் அனுபவசாலி மாதிரித் தெரிவாள்.

தனத்துக்கும் எனக்கும் அதற்குப் பிறகு நல்ல சிநேகம். மாதாமாதமும், எட்டு மாதத்துக்குமேல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையும் தவறாமல் வந்தாள். ஒன்பதாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது, "சிஸ்டர், வெள்ளிக்கிழமை எனக்கு வளைகாப்பு. நீங்க வந்தே ஆவணும். அன்னைக்கு சாயங்காலமே எங்கம்மா வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவாங்க" என்றாள்.

அன்று கூட்டம் அதிகம். டாக்டரம்மாவை ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தனத்தின் எடை பதினைந்து நாளில் மூன்று கிலோ ஏறியிருந்தது. "வளைகாப்பு வரப்போகுதுன்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் சாப்பாடு போடுறாங்களா?" என்று கிண்டல் செய்தேன். சிறுநீரைச் சூடாக்கினேன். குழாயின் மேல்பக்கம் மோர் மாதிரி வெளுத்தது. புளிக்காடி மருந்தில் ஒரு சொட்டு விட்டும் தெளியவில்லை. சிறுநீரில் புரதம் போகிறது, அதாவது உப்பு நீர் இறங்குகிறது என்று அர்த்தம். உங்களுக்கெல்லாம் தெரியும், ஒன்பதாவது மாதத்தில் இதைப் பார்த்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று. உடனே பி.பி. பார்க்க வேண்டும், அது ஏறியிருந்தால் வலிப்பு வரலாம் என்று எனக்கும் தெரியும். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"இது எந்தப் பாட்டில் தனம்?"

"பக்கத்து வூட்டுக் கொழந்தையோட பழைய பால் பாட்டில் சிஸ்டர். ஆனா வெந்நீர் ஊத்தி நல்லாத்தான் கழுவினேன்."

"பாலா? சரியாப் போச்சு. அன்னைக்குத் தேன், இன்னைக்குப் பால். அடுத்த தடவை நெய்யா?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. தனமும் சிரித்தாள். பி.பி. வரிசையில் அவளுக்கு முன்னால் இருபது பேர். வளைகாப்பு வேலையில் இருந்த முத்தம்மாளுக்குப் பதிலாக முருகேசன் வந்து வாசலில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். "நான் போவட்டுமா சிஸ்டர்? நிறைய வேலை கெடக்குது" என்றாள். நான் அவள் கார்டை வாங்கி, 'பாட்டில் சுத்தமில்லை. அடுத்த வாரம்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவள் இந்த ஊரிலேயே இருக்கப்போவதில்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவள் வாயாலேயே கேட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வளைகாப்புக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் முன்னறையில் நிற்க இடமில்லை. மனையில் தனம், பட்டுப்புடவை, கழுத்தில் மாலை, கன்னத்திலும் கையிலும் சந்தனம். முகம் உப்பி, அழகாக இருந்தாள். அழகு என்றுதான் நினைத்தேன். பாருங்கள், என் கண்ணின் லட்சணத்தை. சமையலறையில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மணத்தன.

வளையல் போடுவதற்கு வடலூரிலிருந்து வளையல்காரரையே முத்தம்மாள் வரவழைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வளையல் சரத்தைப் பிரித்து, தனத்தின் கையைப் பிடித்து ஒன்றை ஏற்றிப் பார்த்தார். ஏறவில்லை. அடுத்த அளவை எடுத்தார். அதுவும் கட்டைவிரல் எலும்பிலேயே நின்றது. அழுத்தியதில் ஒன்று உடைந்தது. வளைகாப்பில் வளையல் உடைவதை யார் விரும்புவார்கள்?

முத்தம்மாள் அவர்மேல் பாய்ந்தார். "அளவு பாத்துத்தானே கொண்டாரச் சொன்னேன்? யாரு கைக்கோ கொண்டாந்து எம்மருமக கையில மாட்டுறீகளே!"

வளையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அம்மா, வியாபாரத்துல என்னை என்ன வேணா சொல்லுங்க, அளவுல சொல்லாதீங்க. பதினைஞ்சு நாளுக்கு முன்னாடி நீங்களேதான் இந்தப் பொண்ணைக் கடைக்குக் கூட்டிக்கினு வந்தீங்க. அன்னைக்கு ரெண்டே நாலு அளவு தானா வழுக்கிக்கினு போச்சுங்க. இப்ப அதைவிடப் பெரிய ரெண்டே எட்டே ஏறலீங்க. என் வளையல் சின்னதாவல. இந்தப் பொண்ணு கைதான் ஊதிக்கினு போவுது."

நான் சுவரோரமாக, கையில் சந்தனத்தோடு நின்றுகொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று கிலோ. மோர் மாதிரி வெளுத்த குழாய். என்னிடம் எடைக்கருவி இருந்தது, விளக்கு இருந்தது, மருந்து இருந்தது, படிப்பு இருந்தது. அந்த மனிதரிடம் கண்ணாடி வளையல் மட்டும்தான் இருந்தது. அவர் கண்டுபிடித்துவிட்டார்.

மனைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புடவையைக் கொஞ்சம் விலக்கி, தனத்தின் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. எழும்பவே இல்லை.

"தனம், தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா வலிக்குது சிஸ்டர். தூக்கமில்லைன்னு நெனைச்சேன்."

"கண்ணு?"

"காலையிலேர்ந்து மினுக்கு மினுக்குன்னு பூச்சி பறக்கற மாதிரி இருக்குது. ஊதுவத்திப் புகைன்னு எங்கம்மா சொன்னாங்க."

என்னிடம் பி.பி. கருவி இல்லை. விருந்துக்குப் போகிறவள் அதைத் தூக்கிக்கொண்டா போவாள்? எடுத்துவர ஆள் அனுப்பலாம். அரை மணி ஆகும். அதற்குள் வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இன்னொரு பக்கம், இதுவும் பொய்யாகப் போனால்? சுற்றிலும் நாற்பது பெண்கள். அதில் பாதிப் பேர் என்னைத் தேன் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர்கள். பாதிச் சடங்கில் மனையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், இந்த ஊரில் நான் எப்படி வேலை பார்ப்பேன்? இப்படி ஒரு யோசனை அந்த நேரத்தில் எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். உங்களுக்கும் வரும். வரட்டும். அது சொல்வதைக் கேட்காமல் இருந்தால் போதும்.

"இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்மா" என்றேன் முத்தம்மாளிடம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நலங்கு இப்பத்தான் வச்சிருக்கு. வளையல் உடைஞ்சிருக்கு. பாதியில எந்திரிச்சா நல்லாவா இருக்கும்? போன தடவை நீங்க சீனின்னீக. எட்டு நாளு களி கிண்டினேன். இப்ப என்ன?"

வாதம் செய்ய வேண்டும் என்றால் எனக்கு நிறைய வார்த்தை தெரியும். ரத்த அழுத்தம், உப்பு நீர், வலிப்பு என்று பயமுறுத்தியிருக்கலாம். ஆனால் வாயில் உண்மைதான் வந்தது.

"அம்மா, போன தடவை சொன்னது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு இந்தச் செவ்வாய்க்கிழமை செஞ்சேன். இவளுக்கு உடம்புல கோளாறு தெரிஞ்சுது. பாட்டில்மேல பழியைப் போட்டு, பி.பி. பார்க்காம அனுப்பிட்டேன். இப்ப ஒரு நிமிஷம்கூடத் தள்ளக் கூடாது."

எல்லாருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. முத்தம்மாள் வளையல்காரரிடம், "இருக்கிறதுலயே பெரிசா ஒரு சோடி எடுங்க" என்றார். வேறு யாருக்கோ வைத்திருந்த பெரிய வளையல் இரண்டை அவர் எடுத்துக் கொடுத்தார். கைக்கு ஒன்றாக இரண்டு கையிலும் போட்டார்கள். முத்தம்மாளே ஆரத்தியை ஒரே சுற்றாகச் சுற்றினார். "வளைகாப்பு முடிஞ்சுபோச்சு. தப்புன்னு தன் வாயால சொல்ற நர்ஸை இன்னைக்குத்தான் பாக்குறேன். எந்திரி தாயி" என்றார்.

வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டும். தெருமுனையில் இரண்டாம் ஷிஃப்ட் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார். மாலையோடு நடந்து வருகிற தனத்தைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏறுங்க சிஸ்டர். ஆஸ்பத்திரிதானே?"

ஹெல்மெட் வைத்திருந்த ஆட்கள் படபடவென்று எழுந்து இடம் விட்டார்கள். தனத்தை இடது பக்கமாகச் சாய்த்து, என் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தேன். முத்தம்மாள் ஏறினார், தனத்தின் அம்மா ஏறினார், அவர்களுக்குப் பின்னால் பழத்தட்டோடு இரண்டு பெண்கள், எதற்கென்று தெரியாமலே ஏறிவிட்டார்கள். பஸ்ஸில் ஒரே பேச்சு. "சத்தம் ஆகாதுங்க. சத்தமோ குலுக்கலோ இருந்தா வலிப்பு வந்துடும்" என்றேன்.

அவ்வளவுதான். பஸ் நிறையத் தொழிலாளர்கள் இருந்தும் ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை. டிரைவர் முட்டையைச் சுமந்துகொண்டு போகிற மாதிரி ஓட்டினார். வெளிச்சம் தனத்தின் கண்ணில் படுவதைப் பார்த்து, ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து ஜன்னலில் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. அந்த ஷிஃப்ட்டில் அத்தனை பேரும் தாமதமாகப் போனார்கள். கேட்டில் காரணம் கேட்டவர், "வளைகாப்பு பஸ்ஸா? போங்க போங்க" என்று விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் பி.பி. மேலே நூற்று எழுபது, கீழே நூற்றுப் பத்து. டாக்டரம்மா ஊசி போட்டு, இருட்டறையில் படுக்கவைத்தார். மைன்ஸிலிருந்து மண் படிந்த சட்டையோடு ஓடிவந்த முருகேசனை முத்தம்மாள் வாசலிலேயே பிடித்து, வாயில் விரல் வைத்து உட்காரவைத்தார். மறுநாள் வலி வர மருந்து ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுகை மட்டும் நாலு கிலோக் குழந்தையின் அழுகை. தனத்துக்கு வலிப்பு வரவே இல்லை. ஒரு வாரத்தில் கை கால் வற்றி, பழைய தனமாக எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டர், எனக்குப் புளிச்சோறு யாராவது எடுத்து வெச்சாங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அந்தக் கார்டை முன்னால் வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நீ எழுதினதுக்குக் கீழே, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். எழுதினேன். திட்டியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். அந்த நாலு வரி இன்றும் மனப்பாடம்.

அடுத்த வாரமே வரிசையை மாற்றினேன். வந்தவுடன் முதலில் பி.பி. பரிசோதனையில் எது தெரிந்தாலும், பாட்டிலைச் சந்தேகப்பட்டால் அங்கேயே சுத்தமான பாத்திரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். சந்தேகத்தை யார் வீட்டுக்கும் கொடுத்து அனுப்பக் கூடாது. கூட்டம் இருக்கிறது, பஸ் போய்விடும், புருஷன் காத்திருக்கிறான் என்பதெல்லாம் அவர்கள் சொல்லலாம். நாம் சொல்லக் கூடாது. அப்புறம், அழகாக இருக்கிறாள் என்று தோன்றினால் காலை அழுத்திப் பாருங்கள்.

முத்தம்மாள் அதோடு எங்களை விடவில்லை. பேத்தியை மருமகளிடம் விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். முதல் வாரமே, அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாத இரண்டு பெண்களை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். யாரும் கேட்காமலே வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பி.பி. பார்க்காமல் ஒருத்தி நழுவப் பார்த்தால் போதும், "ஏத்தா, எங்க போற? கையக் காட்டிட்டுப் போ!" என்று தெருவரைக்கும் கேட்கும்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, கூட்டம் கலைகிற நேரத்தில் முக்காலியை என் மேஜைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சிஸ்டர், நானும் வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். காலையில வந்ததும் பின்பக்கம் போயி வாந்தி எடுக்குறீக. மேசை டிராயருக்குள்ள நெல்லிக்காய ஒளிச்சு வச்சுத் திங்கிறீக. எத்தனை மாசம்?"

"மூணு" என்றேன், மெதுவாக.

"உங்க கார்டு எங்க?"

டவுன்ஷிப்பில் பாதிக் கர்ப்பிணிகளுக்குக் கார்டு எழுதியவள் நான். எனக்குக் கார்டு இல்லை. கூட்டமாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

முத்தம்மாள் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "ஏய், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னொரு புள்ளத்தாச்சி வருது."

நான் எழுந்துபோய்க் கடைசி இடத்தில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.